'வரி செலுத்துவோர்' என்னும் சொல்லும் பெங்களூருவின் தீயணைப்புக் கணக்கும்

'வரி செலுத்துவோர்' என்ற தொடரைப் பெங்களூருவில் கேட்காத நாளில்லை. குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டங்களில் பிறந்த அது இப்போது நகரியல் கருத்தரங்குகளுக்கும் வந்துவிட்டது. நகரத்தாரின் வரிப்பணம் புறநகரைக் காக்கச் செலவாகிறதாம். ஆகவே காவல், தீயணைப்பு முதலிய பணிகள் வரி தருவோருக்கே முதலில் உறுதிசெய்யப்பட வேண்டுமாம். ஆய்வாளர்கள் தலையசைத்துக் கேட்கும் இந்த வாதம் கணக்காகவும் பிழை, அறமாகவும் பிழை.

கணக்கை முதலில் பார்ப்போம். பெங்களூருவின் தீயணைப்பு வண்டிகள் மாநகராட்சியின் சொத்துவரியில் ஓடுவன அல்ல. 1964ஆம் ஆண்டின் கர்நாடகத் தீயணைப்புப் படைச் சட்டத்தின் கீழ் இயங்கும் மாநிலத் துறையே அவற்றை நடத்துகிறது. காவல்துறையும் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணைப்படி மாநிலத்தின் பொருள். மாநிலக் கருவூலத்தில் சேரும் சரக்கு சேவை வரி, மதுவின் மீதான ஆயத்தீர்வை, எரிபொருள் வரி ஆகியவற்றிலிருந்தே இவ்விரு துறைகளின் ஊதியமும் வருகிறது. ஓசூர் சாலையோரம் தகரக் கொட்டகையில் தங்கும் கட்டடத் தொழிலாளி வாங்கும் சோப்புக்கட்டியிலும் அந்த வரி உண்டு. இலக்கணப்படி 'செலுத்துவோர்' என்பது வினையாலணையும் பெயர். செயலைச் செய்யும் எவரையும் அது குறிக்க வேண்டும். நம் நகரத்தில் அது சொத்துவரி ரசீது வைத்திருக்கும் ஒரு வகுப்பின் சாதிப்பெயர்போலச் சுருங்கிவிட்டது.

2023 அக்டோபர் 7 அன்று ஆனேக்கல் வட்டத்தின் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கிடங்கு எரிந்தது. பதினான்கு பேருக்குக் குறையாமல் மாண்டனர். பெரும்பாலோர் தீபாவளிக்கால வேலைக்காக வந்த தமிழக இளைஞர்கள்; அவர்களுள் மாணவர்களும் இருந்தனர். அந்த இடம் பெங்களூரு மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருக்கிறது. நகரத்தின் சரக்கும் நகரத்தின் உழைப்பும் எல்லையைத் தாண்டி அங்கே குவிகின்றன. இடர்ப்பாடும் உடன் குவிகிறது. சொத்துவரிப் பதிவேட்டை அளவுகோலாகக் கொண்டால் அந்த இளைஞர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். விபத்துக்குப் பின் அதிகாரிகள் சிலர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். அங்கே யார் பணத்தில், யார் பொறுப்பில் தீப்பாதுகாப்பு இருக்க வேண்டும் என்ற கேள்வியை மட்டும் எவரும் இடைநீக்கம் செய்யவில்லை; கேட்கவே இல்லை.

கல்வெட்டுத் தமிழில் 'பாடிகாவல்' என்றொரு சொல் உண்டு. ஊர்க்காவலாகிய பணியையும் அதற்காக ஊரார் செலுத்திய வரியையும் அந்த ஒரே சொல் குறித்தது. இதைப் பொற்காலமாக்க நான் வரவில்லை. புதுக்கோட்டைப் பகுதிக் கல்வெட்டுகளில் ஊரார் இந்த உரிமையை அரையர்களுக்கு விற்றதையும் காண்கிறோம். ஆனால் பணியையும் விலையையும் ஒரு சொல்லில் கட்டிய மொழியில், எதற்காகத் தருகிறோம் என்பது மறைந்திருக்க முடியாது. இன்று பெங்களூருவாசி எவரையும் கேளுங்கள், தீயணைப்புக்குத் தாம் எவ்வளவு தருகிறோம் என்று சொல்ல இயலாது. அடுக்ககத்தின் பராமரிப்புக் கட்டணத்தில் தனியார் காவலாளிக்கு எவ்வளவு போகிறது என்பதை மட்டும் பைசா சுத்தமாகச் சொல்வார்.

74ஆம் திருத்தம் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணையில் ஏழாவது பொருள் தீயணைப்பு. 1993 முதல் அது நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பொறுப்பு. மும்பையில் தீயணைப்புப் படை மாநகராட்சியின் உறுப்பாகவே இருக்கிறது. கர்நாடகமோ ஒப்படைக்கவில்லை, தமிழ்நாடும் அப்படித்தான், நாம் அண்டை வீட்டை மட்டும் குறைசொல்ல வேண்டாம்.

இதற்கு மாற்றாக வருவது திட்டப்பணம். நிர்பயா நிதியின் கீழ்ப் பெங்களூருவின் 'பாதுகாப்பான நகரம்' திட்டத்துக்கு ஏறத்தாழ 667 கோடி ரூபாய், ஒன்றியமும் மாநிலமும் 60:40 என்ற பங்கில். அதன் பெரும்பகுதி கண்காணிப்புக் கேமராக்களும் கட்டுப்பாட்டு மையமும். பெண்களின் பாதுகாப்புக்குச் செலவிடுவதை எதிர்ப்பவன் நானல்லன். திட்டப்பணத்தால் கருவி வாங்கலாம், ஆள் வைக்க முடியாது. கேமராவைப் பார்க்கும் கண்ணுக்கும் ஓடிவரும் காலுக்கும் மாதந்தோறும் ஊதியம் வேண்டும். மாநிலங்களின் தீயணைப்பை நவீனப்படுத்த 2023இல் ஒன்றியம் அறிவித்த 5,000 கோடிக்கும் இதே குறை உண்டு.

உயரமான கட்டடங்களின் சொத்துவரியோடு தீயணைப்புத் தீர்வையைச் சேர்க்கும் வழியையும் மாநிலம் நாடியிருக்கிறது. ஏற்கெனவே சொத்துவரியோடு ஆறு விழுக்காடு நூலகத் தீர்வை வசூலாகிறது. அது நூலகத்துறைக்குப் போய்ச் சேராமல் ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடந்தது ஊரறிந்த கதை. தீயணைப்புக்கும் அக்கதி நேராது என்று யார் உறுதி கூறுவர்? அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. 2025 செப்டம்பரில் நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தது. மகாதேவபுராவின் தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் கிழக்கு மாநகராட்சிக்குள் விழுந்தன. தீர்வை கட்டடத்தைப் பின்தொடருமானால், பளபளக்கும் கண்ணாடிக் கோபுரத்தார் 'எங்கள் பணம், எங்கள் வண்டி' என்று கேட்கும் நாள் தொலைவில் இல்லை. கேட்பதற்கு மன்றமாவது உண்டா என்றால், முந்தைய மாமன்றத்தின் காலம் 2020 செப்டம்பரிலேயே முடிந்தது. ஐந்தும் பிறந்தபோது ஒன்றிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் இல்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியது, ஐந்து மாநகராட்சிகளையும் ஆனேக்கல், ஹொசகோட்டை, நெலமங்கலா வட்டங்களையும் சேர்த்த ஒரே தீயணைப்பு நிதி. அது வரி வசூலின் அளவுப்படியன்றி இடர்ப்பாட்டின் அளவுப்படி பகிரப்பட வேண்டும். அதன் வரவுசெலவு கன்னடத்திலும், இந்த நகரம் பேசும் தமிழ், தெலுங்கு, உருது மொழிகளிலும் ஆண்டுதோறும் வெளியாக வேண்டும். நகர நிதி குறித்து ஆய்வு செய்யும் நண்பர்கள் அடுத்த கருத்தரங்கில் 'வரி செலுத்துவோர்' என்று எழுதுமுன், அத்திப்பள்ளியில் மாண்டவர்கள் அச்சொல்லுக்கு உள்ளே இருக்கிறார்களா, வெளியே இருக்கிறார்களா என்பதை அடிக்குறிப்பிலாவது தெளிவுபடுத்துங்கள்.