நடுவில் நிறுத்தலாமா?

“இந்த ஒரு லெவல் மட்டும், அம்மா!” என்று பிள்ளைகள் கெஞ்சுவது, பெங்களூரில் நம்மவர் இல்லங்களில் அன்றாட வழக்கு. அது பிடிவாதம் மட்டுமன்று. விளையாட்டின் அமைப்பும் அதற்குக் காரணமாகலாம்.

நிண்டெண்டோ நிறுவனத்தாரின் ‘கேம் பாய்’ என்னும் கையடக்கக் கருவிக்கு 1989-இல் வந்தது ‘சூப்பர் மேரியோ லேண்ட்’. கட்டங்கள் 12 தாம். ஆயினும் இடையில் கருவியை அணைத்துவிட்டால், மீண்டும் முதற்கட்டமே கதி. தாண்டி வந்த வழியில் திரும்பவும் இயலாது. 1992-இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தில் உருவங்கள் பெரியவை. கட்டங்கள் முப்பதுக்கும் மேல். எவ்வுலகை முதலிற் காண்பது என்பதையும் பெரும்பாலும் ஆடுபவரே தீர்மானிக்கலாம்.

எனினும் நாம் பெரிதாகக் கருதுவது வேறொன்று. கேசட்டினுள் அமைந்த சிறு மின்கலம், முடித்த கட்டங்களை அழியாமல் காத்தது. பாடம் படிக்க எழுந்து சென்ற சிறுவன், மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது.

ஆதலின் பெற்றோரே! இன்றும் விளையாட்டொன்றை வாங்குமுன், அதன் அழகையும் விலையையும் மட்டும் பாராதீர்கள். ஆடியது அழியாமல் நடுவில் நிறுத்த இயலுமா என்று கேளுங்கள். இயலுமாயின் நேரக் கட்டுப்பாடு விதிப்பது நியாயம். இயலாதாயின், கடிந்துகொள்ளுமுன் சற்றே பொறுப்பதும் நியாயமே.