தொட்டி எவ்வளவு உயரம்?

கிடர்பூரில் பழைய வீட்டுக் குளியலறையை இடித்துப் புதுப்பிக்கிறவர்கள் முதலில் டைல்ஸ் கடைக்குப் போகிறார்கள். அடுத்து ஷவர் கடை. அங்கே சுவரில் பதித்த ஒற்றைப் பிடியை லேசாகத் திருப்பினால் போதும், அடைமழை கொட்டுகிறது. வீட்டுக்காரருக்கு உடனே மனசு சாய்ந்துவிடுகிறது. கடையில் தண்ணீரைத் தள்ளுவது மோட்டார் என்பதை விற்பனையாளர் சொல்வதில்லை. கேட்பதற்கும் யாருக்கும் தோன்றுவதில்லை. கிடர்பூர் வீட்டில் தள்ளுவதற்கு இருப்பது மொட்டை மாடித் தொட்டி ஒன்றுதான்.

தண்ணீரின் அழுத்தம் உயரத்திலிருந்து வருகிறது. கொல்கத்தா அதை நூறாண்டுகளுக்கு முன்பே ஊரறியக் கட்டிக் காட்டியது. 1911ல் பயன்பாட்டுக்கு வந்த டாலா இரும்புத் தொட்டி தரையிலிருந்து 110 அடி உயரத்தில் நிற்கிறது. 10 மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம் என்பது கணக்கு. அப்படியானால் டாலாவின் காலடியில் 3 பாருக்கும் மேல். அங்கிருந்து ஊர் முழுக்க ஓடி, ஆயிரக்கணக்கான குழாய்களுக்குப் பங்கு கொடுத்த பிறகு மிச்சம் எவ்வளவு என்பது பழைய கொல்கத்தாக்காரர்களுக்குத் தெரியும். அதனால்தான் வீட்டுக்கு வீடு கீழே ஒரு தொட்டி, மேலே ஒரு தொட்டி, நடுவில் ஒரு பம்பு.

சரி, மேல்தளக் குளியலறையில் அழுத்தம் எவ்வளவு? தொட்டியின் அடிப்பாகத்துக்கும் ஷவர் தலைக்கும் இடையே பெரும்பாலும் 2 மீட்டர்கூட இருக்காது. அதாவது 0.2 பார். ஒரு தளம் கீழே இறங்கினால் இன்னொரு 0.3 சேரும். வெளிநாட்டுத் தெர்மோஸ்டாட் வால்வுப் பெட்டிகளில் 1 பார் அல்லது அதற்கு மேல் வேண்டும் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பது சாதாரணம். 1892ல் கப்பல்துறை திறந்த கிடர்பூருக்கு வெளிநாட்டுச் சாமான் புதிதில்லை. அதற்கென்றே பேர்போன ஃபேன்ஸி மார்க்கெட் அங்கேதான் இருக்கிறது. ஆனால் சாமானோடு அந்த ஊர் அழுத்தமும் கப்பலேறி வருவதில்லை. 0.2 பாரில் அந்த வால்வு அழுது வடியும்.

எனவே வால்வு வாங்கப் போகுமுன் ஒரு 10 லிட்டர் வாளியும் கடிகாரமும் போதும். இருக்கிற குழாயை முழுவதும் திறந்து, வாளி நிரம்பும் நேரத்தைப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடத்தில் நிரம்பினால் நல்ல ஷவருக்குப் போதுமான ஓட்டம். இரண்டு நிமிடத்துக்கு மேல் இழுத்தால் அகலமான மழை ஷவர் ஆசையை விட்டுவிடலாம், அல்லது தொட்டியை உயரமான மேடைக்கு ஏற்றலாம். பிரஷர் பம்பு வைக்கிறவர்களும் உண்டு. மின்சாரம் போனால் அது நிற்கும். தவிர, வெந்நீர், பச்சைத் தண்ணீர் இரண்டுக்குமாகச் சேர்த்து வைக்காவிட்டால் புதிய வம்பு.

அந்த வம்புதான் ஆபத்தானது. குளித்துக்கொண்டிருக்கும்போது யாரோ டாய்லெட் ஃப்ளஷை இழுக்கிறார்கள். பச்சைத் தண்ணீர் அந்தப் பக்கம் ஓடுகிறது. ஷவரில் மிஞ்சுவது கீசர் வெந்நீர். 60 டிகிரி வெந்நீர் பெரியவர்களின் தோலையே சுமார் 5 விநாடியில் ஆழமாகப் பொசுக்கிவிடும். சின்னக் குழந்தைக்கும் வயதானவருக்கும் அதைவிடக் குறைவான நேரம் போதும். அதே தண்ணீர் 50 டிகிரியில் இருந்தால் விலகிக்கொள்ளச் சில நிமிட அவகாசம் கிடைக்கிறது. பச்சைத் தண்ணீர் நின்றதும் வெந்நீரையும் அடைத்துவிடும் வால்வுகள் இதற்காகவே கண்டுபிடிக்கப்பட்டவை. அமெரிக்காவில் கட்டட விதிகளே அவற்றைக் கேட்கின்றன. அழுத்தம் இருக்கும் வீட்டில் அவை தங்கம்.

அழுத்தம் இல்லாத வீட்டில் அந்த வேலையைக் குழாய் அமைப்புதான் செய்ய வேண்டும். குழாய் வேலைக்காரரை வங்காளிகள் ‘கொலேர் மிஸ்திரி’ என்கிறார்கள். தமிழ்க் காதுக்குக் கொஞ்சம் பீதி தரும் பெயர். ‘கொல்’ என்றால் அங்கே குழாய், அவ்வளவுதான். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே மிஸ்திரியிடம் கேட்டு வாங்க வேண்டியவை சில. ஷவருக்கும் கீசருக்கும் ஒரே தொட்டியிலிருந்து தனிக் குழாய் இறங்க வேண்டும். டாய்லெட்டுக்கு வேறு குழாய். ஒன்றின் தண்ணீர் மற்றொன்றுக்குள் ஏறாமலிருக்க இரு பக்கமும் நான்-ரிட்டர்ன் வால்வு. கீசர் தெர்மோஸ்டாட்டை 50 டிகிரியில் வைப்பது. நாள் கணக்கில் வெதுவெதுப்பாகக் கிடந்த தண்ணீரில் கிருமி வளரும் என்பதால், அவ்வப்போது 60 வரை காய்ச்சி, பிறகு மறுபடி குறைப்பது.

கிடர்பூரில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கொல்கத்தாவில் குடிநீர்க் குழாய் தவிர, சுத்திகரிக்காத ஹூக்ளித் தண்ணீருக்கென்று தனிக் குழாய்களும் பழங்காலத்திலிருந்து உண்டு. தெரு கழுவ, கழிவறைக்கு ஊற்ற என்று வந்த தண்ணீர் அது. அதை அனுப்பும் நிலையங்களில் ஒன்று பக்கத்து வாட்கஞ்சில் இருக்கிறது. பழைய வீட்டுச் சுவரை உடைக்கும்போது கையில் அகப்படும் இரும்புக் குழாய் எந்தத் தண்ணீருடையது என்று பார்க்காமல் மிக்ஸரை இணைத்தால், பளபளக்கும் ஷவரில் ஆற்றுத் தண்ணீர் தலையில் கொட்டும்.

இத்தனைக்கும் பிறகு வாங்க வேண்டிய வால்வு எளிமையானது: சுவருக்கு வெளியே உட்காரும், இரண்டு பிடி வைத்த, கனமான பித்தளை வால் மிக்ஸர். உள்ளே தண்ணீர் செல்லும் வழி அகலமாக இருப்பதைத் தேர்ந்தெடுப்பது முக்கியம். கால் திருப்பில் திறக்கும் செராமிக் டிஸ்க் சொகுசானது, ஆனால் வண்டல் கலந்த தண்ணீர் அதைக் கீறிவிடும். தொட்டிக் குழாயில் ஒரு சல்லடை வைத்தால் தப்பிக்கலாம். பழைய ரப்பர் வாஷர் வகை கழுத்து வலிக்கச் சுற்ற வேண்டும். ஆனால் தெருமுனைக் கடையில் வாஷர் கிடைக்கும். சுவருக்குள் பதிக்கும் டைவர்ட்டர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், அதன் கார்ட்ரிட்ஜ் தனியாகக் கிடைக்குமா, டைல்ஸை உடைக்காமல் முன்பக்கமாகவே கழற்ற முடியுமா என்று பணம் கொடுக்குமுன் கேட்க வேண்டும். சுண்ணாம்பும் சுர்க்கியும் வைத்துக் கட்டிய பழைய சுவரில் மூட்டு கசிந்தால், ஈரம் அடுத்த அறையில் தெரிந்த பிறகுதான் விஷயமே வெளிவரும்.

கீசரின் அளவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 60 டிகிரியில் 25 லிட்டரும் 20 டிகிரிப் பச்சைத் தண்ணீர் 25 லிட்டரும் கலந்தால், 40 டிகிரியில் 50 லிட்டர் கிடைக்கும். இரண்டு பேர் சிக்கனமாகக் குளிக்கலாம். 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் என்றால், நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடும்போது 14 டிகிரிதான் ஏற்றும். அதைக் கொண்டுபோய்ப் பெரிய ஷவரோடு இணைத்தால், நடுங்கிக்கொண்டே குளிக்க வேண்டியிருக்கும்.

கொல்கத்தாவில் குளிர் இரண்டு மூன்று மாதம்தான். மே மாதத்தில், வெயிலில் காய்ந்த கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து பச்சைத் தண்ணீர்ப் பக்கமே வெந்நீராக வரும். அப்போது மூன்று மாதமாக அணைந்து கிடக்கும் கீசர்ப் பக்கத்தைத் திறந்தால்தான் கொஞ்ச நேரத்துக்காவது சூடு குறைந்த தண்ணீர் கிடைக்கும்.