நாக்கைத் திட்டாதீர்கள், மாணவர்களே!

நமது கெடாவில் பள்ளி வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது. "இந்த வாரம் முதல் இனிப்பைத் தொடமாட்டேன், எடையைக் குறைத்தே தீருவேன்" என்ற சபதமும் பெரும்பாலும் அன்றுதான் தொடங்குகிறது. செவ்வாய்க்கிழமை ஓய்வு வேளையில் பார்த்தால், சபதம் எடுத்தவர் கையில் ஒரு போத்தல் இனிப்புப் பானம் இருக்கும். கேட்டால், "எனக்கு மன உறுதி இல்லை" என்று தலையைக் குனிந்துகொள்வார்.

இந்தப் பதிலை நான் ஏற்பதில்லை. சீனிமீது வரும் ஆசை ஒழுக்கக் குறைவு அன்று. அதற்கு உயிரியல் காரணம் உண்டு, சுற்றுப்புறக் காரணமும் உண்டு. இரண்டையும் புரிந்துகொள்ளாமல் மன உறுதியை மட்டும் நம்பிப் போராடுகிறவர் பெரும்பாலும் தோற்கிறார். தோற்றபின் தன்னையே வெறுக்கிறார். அந்த வெறுப்பு எடையைக் குறைக்க உதவியதாக நான் பார்த்ததில்லை.

முதலில் ஒரு கணக்குப் போடுவோம்

நல்ல உடல்நலத்துடன் இருப்பவரின் இரத்தத்தில், சாப்பிடாத நேரத்தில், 100 மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 90 மில்லிகிராம் குளுக்கோஸ் இருக்கும். உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கிப் பார்த்தால் நாலரை கிராம். அதாவது உங்கள் இரத்தம் முழுவதிலும் சுற்றிக்கொண்டிருக்கும் குளுக்கோஸ் ஒரு தேக்கரண்டி அளவுதான்.

இப்போது 500 மில்லிலிட்டர் போத்தல் ஒன்றை எடுங்கள். அதில் 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் சீனி என்று எழுதியிருந்தால், போத்தலில் 50 கிராம் இருக்கிறது. ஒரு தேக்கரண்டி 4 கிராம் என்றால், அது பன்னிரண்டரைக் கரண்டி. உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டி, சேர்க்கப்படும் சீனி நாளொன்றுக்கு நாம் பெறும் ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும், 5 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. அந்த 5 விழுக்காடு சுமார் 25 கிராம். ஒரே போத்தலில் இரண்டு நாள் பங்கு முடிந்துவிட்டது.

50 கிராம் சீனி 200 கிலோகலோரி ஆற்றல் தரும். ஏறக்குறைய 150 கிராம் சோறும் அதே ஆற்றலைத்தான் தரும். ஆனால் சோறு சாப்பிட்டால் வயிறு நிறைந்த உணர்வு வரும். பானம் குடித்தால் அது அவ்வளவாக வராது. திரவமாக உள்ளே போகும் ஆற்றலை நம் பசி உணர்வு சரியாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அதனால் பானத்தைக் குடித்த பிறகும் வழக்கமான சாப்பாட்டைச் சாப்பிடுகிறோம்.

"மூளைக்குச் சீனி வேண்டுமே" என்று சிலர் வாதாடுவீர்கள். மூளைக்குக் குளுக்கோஸ் தேவை என்பது உண்மை. ஆனால் சோறு, தோசை, சப்பாத்தி, வாழைப்பழம் எல்லாமே செரித்துக் குளுக்கோஸைத் தருகின்றன. போத்தல் பானத்தில்தான் அது வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஆசை எங்கே பிறக்கிறது?

வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞர் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து அவற்றின் மூளையில் டோப்பமின் சுரக்கும் நரம்பணுக்களைக் கவனித்தார். தொடக்கத்தில் பழச்சாறு கிடைத்தபோது அந்த அணுக்கள் துடிப்புடன் இயங்கின. பிறகு, பழச்சாறு வருவதற்கு முன் ஒரு சமிக்ஞை கொடுத்துப் பழக்கினார். சில நாள்களில் அணுக்கள் சமிக்ஞைக்கே துடித்தன. பழச்சாறு வந்தபோது புதிதாகத் துடிக்கவில்லை.

இதை உங்கள் வாழ்க்கையில் பொருத்திப் பாருங்கள். ஓய்வு மணி ஒரு சமிக்ஞை. பள்ளி வாசலில் நிற்கும் பானக்கடை ஒரு சமிக்ஞை. வீட்டில் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்ததும் கண்ணில் படும் சிவப்பு நிறப் போத்தலும் அப்படித்தான். நாக்கு இனிப்பைத் தொடுவதற்கு முன்பே மூளை அதை எதிர்பார்த்துத் தயாராகிவிடுகிறது. அந்த நொடியில் "வேண்டாம்" என்று சொல்வது கடினம். போத்தல் கண்ணில் படாமல் இருக்க முந்தைய நாளே ஏற்பாடு செய்வது அதைவிட எளிது. ஆசையை அது பிறந்த பிறகு அடக்குவதைவிட, பிறக்கும் இடத்தை மாற்றுவதே புத்திசாலித்தனம்.

நம் வரலாற்றிலும் சீனி இருக்கிறது

சுங்கை லாலாங்கில் வளரும் உங்களுக்கு இந்த ஊரின் பழைய முகம் ரப்பர்த் தோட்டம் என்று தெரியும். ஆனால் மூடா ஆற்றைத் தாண்டி செபராங் பிறைக்குப் போனால், ரப்பருக்கு முன்பே அங்கே கரும்பு இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் பத்து காவான், நிபோங் திபால் வட்டாரங்களில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. தமிழகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் அவற்றில் வேலை செய்தார்கள். மலாயாவுக்கு வந்த நம் முன்னோர்களில் ஒரு பகுதியினர் சீனி உற்பத்திக்காகவே கொண்டுவரப்பட்டவர்கள்.

பிறகு ரப்பர் வந்தது. விடியும் முன்பே எழுந்து, சீனி போட்ட தேநீரைக் குடித்துவிட்டு, பால்மரம் வெட்டப் போனவர்கள் நம் தாத்தா பாட்டிகள். நாள் முழுக்க நடந்து, வாளி சுமந்து, அந்தச் சீனியை உழைப்பில் எரித்தார்கள். இன்று நாம் பேருந்திலோ காரிலோ பள்ளிக்குப் போகிறோம், நாற்காலியில் அமர்கிறோம், வீட்டுக்கு வந்து கைத்தொலைபேசியுடன் அமர்கிறோம். வேலை மாறிவிட்டது. தேநீரில் போடும் சீனி மட்டும் மாறவில்லை. கெட்டிப்பால் சேர்ந்ததால் சிலர் வீட்டில் கூடியே இருக்கிறது. கெட்டிப்பாலின் எடையில் ஏறக்குறைய பாதி சீனிதான்.

இதன் விளைவைத் தேசிய உடல்நல ஆய்வுகள் காட்டுகின்றன. 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இரத்தச் சர்க்கரை அளவு உயர்ந்திருந்தது. இந்தியர்களிடையே அது ஏறக்குறைய 31 விழுக்காடு. மூவரில் ஒருவருக்குக் கிட்டத்தட்ட அந்த நிலை. இதற்கு மரபணு, உணவு, உடலுழைப்புக் குறைவு எனப் பல காரணங்கள் உண்டு, சீனி மட்டுமே காரணம் அன்று. ஆனால் நாம் மாற்றக்கூடிய காரணங்களில் அது ஒன்று. இனிப்புநீர் நோயால் காலை இழந்தவர், வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர் யாரையும் தெரியாத மாணவர் நம் வட்டாரத்தில் எத்தனை பேர்?

வரி மட்டும் போதுமா?

2019 ஜூலை 1 முதல் அரசாங்கம் இனிப்புப் பானங்களுக்கு வரி விதித்தது. 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் லிட்டருக்கு 40 சென். 2024இல் அது 50 சென்னாக உயர்ந்தது, 2025இல் மேலும் உயர்ந்தது. இது நல்ல நடவடிக்கை. பல நிறுவனங்கள் சீனியைக் குறைத்தன.

ஆனால் கணக்கைத் தொடருங்கள். 100 மில்லிலிட்டருக்கு 4.9 கிராம் சீனி உள்ள பானத்துக்கு இந்த வரி இல்லை. அதே பானத்தை 500 மில்லிலிட்டர் குடித்தால் 24.5 கிராம். ஒரு நாள் பங்கு அதோடு முடிந்தது. வரிக்கு உட்படாதது என்பதால் அது அளவின்றிக் குடிக்கத் தக்கது ஆகிவிடாது. ஒட்டுக்கடையில் ஆற்றித் தரும் தே தாரிக்குக்கும், விருந்தில் வாளியில் கலக்கும் சிராப்புக்கும் இந்த வரி கிடையாது. அங்கே அளவைத் தீர்மானிப்பது நாம்தான்.

சீனி குறைந்தால் உண்மையிலேயே நன்மை உண்டா? பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே சீனி பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டது. 1953 செப்டம்பரில் அது முடிவுக்கு வந்ததும், ஒருவர் உண்ணும் சீனி நாளொன்றுக்குச் சுமார் 40 கிராமிலிருந்து 80 கிராமாகக் கூடியது. கருவிலும் முதல் இரண்டு வயதிலும் பங்கீட்டுக் காலத்தைக் கழித்தவர்களை, அதற்குப் பின் பிறந்தவர்களுடன் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். முன்னவர்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் 35 விழுக்காடு குறைவாக இருந்ததாக 2024இல் வெளியான அந்த ஆய்வு கூறுகிறது. அந்தக் குழந்தைகள் யாரும் மன உறுதியோடு இனிப்பை மறுத்தவர்கள் அல்லர். அவர்களைச் சுற்றிச் சீனி குறைவாக இருந்தது, அவ்வளவுதான்.

நீங்கள் செய்யக்கூடியவை

ஒன்று, காலை உணவைத் தவிர்க்காதீர்கள். எடை குறையும் என்று பட்டினியோடு பள்ளிக்கு வருகிறவர்தான் பத்து மணிக்கு இனிப்பைத் தேடி ஓடுகிறார். முட்டை, பருப்பு, கொண்டைக்கடலை போன்ற புரதமும் நார்ச்சத்தும் உள்ள உணவு பசியை நெடுநேரம் தாங்கும்.

இரண்டு, தூங்குங்கள். உங்கள் வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் கூடும், போதும் என்று சொல்லும் லெப்டின் குறையும். நள்ளிரவுவரை கைத்தொலைபேசி பார்த்தவருக்கு மறுநாள் இனிப்பு ஆசை கூடுவதில் வியப்பில்லை.

மூன்று, ஆசை வந்ததும் எழுந்து நடங்கள். சாக்லெட் வழக்கமாகச் சாப்பிடுகிறவர்கள் 15 நிமிடம் விரைவாக நடந்தபின், நடக்காதவர்களைவிட ஏறக்குறைய பாதியளவே சாப்பிட்டதாகப் பிரிட்டனின் எக்ஸிட்டர் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று காட்டியது.

நான்கு, படிப்படியாகக் குறையுங்கள். கடையில் "கூராங் மானிஸ்" என்று சொல்லத் தொடங்குங்கள். பிறகு "கோசோங்" வரை போகலாம். சில மாதம் சீனியைக் குறைத்தவர்களுக்கு, முன்பு சாதாரணமாகத் தோன்றிய இனிப்பே கூடுதல் இனிப்பாகத் தெரிந்ததாக 2016இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நாக்கும் மாணவரைப் போலத்தான், பழக்கினால் கற்றுக்கொள்ளும். செயற்கை இனிப்பூட்டிகளை எடை குறைப்புக்கு நம்ப வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் அறிவுறுத்தியதையும் நினைவில் வையுங்கள்.

செய்யக்கூடாதவை

நீங்கள் வளரும் வயதினர். தராசு காட்டும் எண்ணைத் துரத்தாதீர்கள். உயரம் கூடும்போது எடையும் கூடுவது இயல்பு. எடை பற்றிக் கவலை இருந்தால் பெற்றோருடன் அரசாங்க சுகாதார மருந்தகத்துக்குப் போய்க் கேளுங்கள். இணையத்தில் விற்கும் "மெலிய வைக்கும்" காப்பித் தூளையும் மாத்திரையையும் தொடவே வேண்டாம். இதயத்துக்குக் கெடுதி என்று பல நாடுகள் 2010இல் சந்தையிலிருந்து நீக்கிய சிபுட்ராமின் என்ற மருந்து அத்தகைய பொருள்களில் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்துத் தடை செய்திருக்கிறது.

சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் சிறிது நேரம் நாக்குக்கு இனிப்புச் சுவை தெரியாது. அதிலுள்ள ஜிம்னெமிக் அமிலங்கள் சுவை ஏற்பிகளை மறைப்பதே காரணம். அழகான அறிவியல்தான், ஆனால் அதையும் சுயமாக மருந்தாக்கிக்கொள்ளாதீர்கள். இன்னொன்று: நீரிழிவு மருந்து எடுக்கும் தாத்தா திடீரென வியர்த்து நடுங்கினால், அவருக்கு உடனே சீனித் தண்ணீர் தேவைப்படலாம். "சீனி விஷம்" என்று பறித்துவிடக் கூடாது. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 999ஐ அழையுங்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்

மாணவர்களிடம் மட்டும் கட்டுப்பாடு கேட்பது நியாயமன்று. விருந்தாளிக்குச் சீனி குறைத்துக் கொடுத்தால் மரியாதைக் குறைவு என்று நினைக்கும் வழக்கத்தை வீட்டில் மாற்றலாம். திருவிழாத் தண்ணீர்ப் பந்தலில் சிராப்புக்குப் பக்கத்தில் நீர்மோரும் வெறும் தண்ணீரும் வைக்கலாம். பள்ளியில் குளிர்ந்த குடிநீர், இனிப்புப் பானத்தைவிட எளிதாகக் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கலாம். பருமனான பிள்ளையைப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவதை இன்றே நிறுத்தலாம். அதற்குக் காசு செலவே இல்லை.

மாணவர்களே, அடுத்த வாரம் சபதம் எதுவும் எடுக்க வேண்டாம். ஒரு வாரத்துக்கு நீங்கள் குடிக்கும் ஒவ்வொரு பானத்தின் சீனி அளவையும், அதை எந்த நேரத்தில், எந்த இடத்தில், யாருடன் குடித்தீர்கள் என்பதையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். ஏழாம் நாள் அட்டவணையைப் பாருங்கள். உங்கள் ஆசைக்கு நேரமும் இடமும் இருப்பது தெரியும். அதில் ஒன்றே ஒன்றை முதலில் மாற்றுங்கள்.