சிப்பாய் வீட்டு அரிச்சுவடி

சென்ற மாதம் நமது முதல் வகுப்பில் ஒரு சிறு சம்பவம் நடந்தது. “ஊ என்றால் ஊர். உங்கள் அப்பா வேலை பார்க்கும் ஊரைச் சொல்லுங்கள், பார்ப்போம்” என்றோம். குழந்தைகள் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஒரு சிறுமி எழுந்து நின்று, “ஐம்பத்தாறு” என்றாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. நாமும் புன்னகை செய்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

மாலையில் அவளை அழைத்துச் செல்ல வந்த தாயார் விஷயத்தை விளக்கினார். கணவர் ராணுவத்தில் சிப்பாய். எல்லைப்புறத்திலுள்ள வீரருக்குக் கடிதம் எழுதினால் உறையின் மேல் ஊர்ப் பெயர் இராது. அவருடைய எண், பெயர், படைப்பிரிவு, அதன் கீழே ‘56 ஏ.பி.ஓ.’ அல்லது ‘99 ஏ.பி.ஓ.’ என்ற ராணுவத் தபால் நிலையம், அவ்வளவே. இருக்கும் இடம் வெளியே தெரியலாகாது என்பதற்காக இந்த ஏற்பாடு. குழந்தை தனக்குத் தெரிந்த ஊரைத்தான் சொல்லியிருக்கிறாள். பட்டதாரியான நமக்கல்லவோ அந்த ஊர் தெரியவில்லை!

அன்றிரவு யோசித்தோம். அரிச்சுவடியில் வாளும் துப்பாக்கியும் வருவதுண்டு. அவற்றைப் பிடித்த கைக்கு ஒரு வீடு உண்டென்று எந்தப் பக்கமும் சொல்வதில்லை. ஆகையால், தாயாரின் சம்மதம் பெற்று, மறுநாள் புதிய பாடம் தொடங்கினோம்.

‘அ’வுக்கு அஞ்சல். ஐம்பத்தாறின் கதையைச் சொன்னதும் சிரித்த குழந்தைகள் மௌனமாயினர்.

‘இ’க்கு இடமாற்றம். தகப்பனார் மாற்றலாகும்போது குழந்தை பள்ளியையும் தோழியையும் விட்டுப் போகிறது. இந்தக் கஷ்டத்தைக் கருதியே 1963-ல் 20 ரெஜிமெண்டுப் பள்ளிகளை ஏற்று மத்தியப் பள்ளிகளைத் தொடங்கினார்கள். அவையே இன்றைய கேந்திரீய வித்யாலயங்கள்.

‘உ’வுக்கு உறைபனி. 1984 முதல் நம் வீரர்கள் சியாச்சின் பனியாற்றில் காவல் நிற்கிறார்கள். குண்டைவிடக் குளிரும் பனிச்சரிவுமே அங்கு அதிக உயிர்களைக் கொண்டன. குழந்தைகளுக்கு, “அங்கே மிகவும் குளிரும்” என்று மட்டும் சொன்னோம்.

‘கொ’வுக்குக் கொடி நாள். 1949 முதல் டிசம்பர் 7-ந் தேதி. சட்டையில் குத்தும் சிறு கொடிக்கு நாம் தரும் காசு, உயிர் நீத்த வீரரின் குடும்பத்துக்கும் ஊனமுற்றோருக்கும் முன்னாள் வீரருக்கும் உதவுகிறது.

‘வெ’வுக்கு வெலிங்டன். மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி நிலையம் நீலகிரியிலுள்ள இவ்வூரில்தான் இருக்கிறது. “அப்பா அங்கேதான் படிச்சாங்க!” என்று சிறுமி எழுந்தாள். அவளுக்கும் சொல்ல ஓர் ஊர் கிடைத்துவிட்டது.

அப்போது ஒரு பையன் கேட்டான்: “சண்டை வந்தா அவங்க அப்பா செத்துப் போயிடுவாரா, சார்?” நமக்கு நா எழவில்லை. சிறுமியே பதில் சொன்னாள்: “லீவுக்கு வருவாங்க.”

கடைசியில் ‘ஃ’. வழக்கம்போல் ‘எஃகு’ என்று எழுதினோம். இலக்கணத்தில் இந்த எழுத்துக்குத் தனிநிலை என்று ஒரு பெயர். முன்னே குறில், பின்னே வல்லினம், நடுவே ஒற்றையாக நிற்கும். ஜன்னல் வழியே பார்த்தோம். குடையும் கையுமாக அந்தத் தாயார் வாசலில் காத்து நின்றார்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவிலும் இத்தகைய குழந்தை இருக்கலாம். “அப்பா எங்கே?” என்று கேளாதீர்கள். “அப்பாவிடமிருந்து சேதி வந்ததா?” என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குக் குழந்தையிடம் நிறையப் பதில் இருக்கும்.