கடற்கரைக்கு நான்கு இரவு, நகரத்துக்கு மூன்று இரவு

கனடாவில் குளிர் இறுகத் தொடங்கியதும் ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் வாழும் நம்மவர்கள் கரீபியன் பக்கம் பறக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கியூபாவுக்குச் செல்வோர் உண்டு, ஜமெய்க்காவுக்குச் செல்வோர் உண்டு. டொமினிக்கன் குடியரசின் புன்டா கானாவுக்குச் செல்வோரும் ஏராளம். திரும்பி வந்தவர்களிடம் அந்த நாடு எப்படி என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதிலே கிடைக்கும்: "அங்கை பாக்க என்ன இருக்கு, கடல்தான்."

இந்தப் பதிலை எதிர்த்தே இன்று எழுதுகின்றேன். ஏழு நாள் விடுமுறையில் ஏழு நாளையும் கடற்கரை உல்லாச விடுதியிலேயே கழித்துவிட்டு ஒரு நாட்டைப் பார்த்துவிட்டோம் என்று சொல்வது அந்த நாட்டுக்கும் அநீதி, நமக்கும் நட்டம். நான்கு இரவுகளைக் கடலுக்குக் கொடுங்கள். மூன்று இரவுகளைத் தலைநகரான சான்டோ டொமிங்கோவுக்குக் கொடுங்கள் என்பதே என் வாதம். கடற்கரையை வெறுத்து இதைச் சொல்லவில்லை. வருடம் முழுவதும் இரண்டு வேலை பார்த்துக் களைத்த ஒருவர் வெள்ளை மணலில் படுத்துக் கிடப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. ஆனால் அங்கு 'கடல்தான்' இருக்கிறது என்ற தோற்றம் தற்செயலாக வந்ததல்ல என்பதை மட்டும் அவர் அறிந்திருக்க வேண்டும்.

புன்டா கானாவின் கதை பழையதல்ல. 1969இல் ஐக்கிய அமெரிக்க முதலீட்டாளர்கள் சிலரும் ஒரு டொமினிக்கன் தொழில்முனைவோரும் சேர்ந்து நாட்டின் கிழக்கு முனையில் காடு மண்டிக் கிடந்த கரையோர நிலத்தை வாங்கினர். சில சிறு குடில்களோடு தொடங்கிய முயற்சி 1983இல் தனியாருக்குச் சொந்தமான ஒரு சர்வதேச விமான நிலையத்தைப் பெற்றது. தென்னோலை வேய்ந்தாற் போன்ற கூரையுடைய அந்த விமான நிலையமே எல்லாவற்றையும் மாற்றியது. அதன் பின்னர் ஒரு பயணி தலைநகரைக் காணாமலே நாட்டுக்குள் இறங்கலாம், விடுதியின் பஸ்ஸில் ஏறலாம், கையில் ஒரு பட்டியைக் கட்டிக்கொள்ளலாம், ஏழு நாளும் தின்று குடித்துவிட்டு அதே வழியில் திரும்பலாம். உணவு, மது, நீச்சல், இரவு நடனம் யாவும் முன்கூட்டிச் செலுத்திய பணத்துக்குள் அடங்கிவிடுவதால் வெளியே காலடி வைப்பதே வீண் செலவாகத் தோன்றும். மதிலை எவரும் வெளியிலிருந்து பூட்டுவதில்லை. கட்டிய காசை வீணாக்கக் கூடாது என்ற நம் மனமே உள்ளிருந்து பூட்டிக்கொள்கிறது.

டொமினிக்கன் குடியரசின் 2010ஆம் ஆண்டு அரசியலமைப்பு, நாட்டின் கடற்கரைகள் பொதுமக்களுக்குரியவை, எவரும் தடையின்றிச் செல்லக்கூடியவை என்று தெளிவாகச் சொல்கிறது. ஆனால் கடலுக்கும் தெருவுக்கும் இடையில் விடுதிகள் வரிசையாக நிற்கும்போது அந்த உரிமை உள்ளூர்க் குடும்பம் ஒன்றுக்கு எவ்வளவு தூரம் பயன்படும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இனி நகரத்துக்கு வருவோம். கொலம்பஸின் சகோதரர் பார்த்தலமேயு 1490களின் பிற்பகுதியில் ஒசாமா ஆற்றின் கிழக்குக் கரையில் தொடங்கிய குடியிருப்பு, புயலில் சிதைந்த பின் 1502இல் ஆளுநர் நிக்கலஸ் டி ஒவாண்டோவால் மேற்குக் கரையில் மீண்டும் அமைக்கப்பட்டது. அமெரிக்கக் கண்டங்களில் ஐரோப்பியர் அமைத்து இன்றுவரை தொடர்ந்து நிலைத்திருக்கும் மிகப் பழைய நகரம் இதுவே. முதற் பேராலயம், முதற் சுங்கச்சாவடி, முதற் பல்கலைக்கழகம் என்று 'முதல்' பட்டியல் ஒன்றை வழிகாட்டிகள் ஒப்புவிப்பார்கள். 1990இல் யுனெஸ்கோ பழைய நகரை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

பட்டியல் உண்மைதான். ஆயினும் அந்தப் பட்டியலுக்காக நான் உங்களை அங்கே போகச் சொல்லவில்லை. பேராலயத்தின் முன்னாலுள்ள சதுக்கத்தில் 1887ஆம் ஆண்டின் வெண்கலச் சிலை ஒன்று நிற்கிறது. மேலே கொலம்பஸ் கைநீட்டி நிற்கிறார். அடியில் ஒரு பூர்வகுடிப் பெண் பீடத்தைப் பற்றி மேலேறுகிறாள். அவள் டயினோ மக்களின் அரசி அனகவோனா. 1503இல் ஒவாண்டோ அவளது நாட்டுக்கு விருந்தாளியாகச் சென்று, கூடியிருந்த தலைவர்களை எரித்துக் கொன்றான். பின்னர் அனகவோனாவும் தூக்கிலிடப்பட்டாள். கொன்ற ஆளுநரின் வீடு இன்று பழைய நகரின் டமாஸ் வீதியில் ஒரு ஹோட்டலாக இருக்கிறது. தூக்கிலிடப்பட்டவளோ சிலையில் கொலம்பஸின் காலடியில் இருக்கிறாள். வென்றவன் எழுதும் வரலாறு எப்படி இருக்கும் என்பதை நமக்குப் புதிதாக எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

அதே நகரில் மறுகுரலும் எழுந்தது. 1511 டிசம்பர் 21ஆம் திகதி, அன்டோனியோ டி மொன்டெசினோஸ் என்ற டொமினிக்கன் சபைத் துறவி, கொலம்பஸின் மகன் டியேகோ உட்பட அதிகாரம் படைத்த அனைவரும் அமர்ந்திருந்த வழிபாட்டில் எழுந்து, இந்த மக்களை எந்த உரிமையில் அடிமை கொள்கிறீர்கள், இவர்களும் மனிதர் அல்லரோ என்று கேட்டார். சபையோர் கொதித்தனர். கூற்றைத் திரும்பப் பெறுமாறு வற்புறுத்தினர். அடுத்த ஞாயிறன்றும் அவர் அதையே வலியுறுத்தினார். அந்தப் பிரசங்கத்தை எழுத்தில் நமக்கு விட்டுச் சென்றவர் லாஸ் காசாஸ். மெக்சிக்கோ அன்பளிப்புச் செய்து 1982இல் திறந்துவைக்கப்பட்ட மொன்டெசினோஸின் பிரமாண்டமான சிலை கடலோரத்தில் நிற்கிறது. வாயருகே கைவைத்துக் கடலை நோக்கிக் கூவும் சிலை அது. நீங்கள் புன்டா கானாவில் பார்த்த அதே கரீபியன் நாட்டின் கடலோரந்தான் இதுவும். ஆனால் இந்த இடத்தில் நின்று பார்க்கும்போது கடல் வேறொன்றாகத் தெரியும்.

கடலோர வீதியிலேயே நடந்தால் சர்வாதிகாரி ட்ருஹியோ எழுப்பிய தூண் ஒன்றைக் காணலாம். 1936 முதல் 1961 வரை இந்நகருக்கே தன் பெயரைச் சூட்டியிருந்தவன் அவன். அவனுடைய தூணில் இப்போது மிராபல் சகோதரிகளின் உருவங்கள் தீட்டப்பட்டிருக்கின்றன. அவனை எதிர்த்தமைக்காக மூன்று சகோதரிகள் 1960 நவம்பர் 25ஆம் திகதி கொல்லப்பட்டனர். பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிப்பதற்கான சர்வதேச தினமாக நவம்பர் 25ஐ ஐக்கிய நாடுகள் சபை 1999இல் அறிவித்தது அவர்களின் நினைவாகவே. நமது பெண்கள் அமைப்புகளும் ஆண்டுதோறும் அந்நாளை அனுட்டிக்கின்றன. அந்த நாள் பிறந்த மண்ணுக்கே போய்விட்டு, 'கடல்தான்' என்று திரும்பி வருவதை என்னவென்பது?

கடற்கரையிலிருந்து நகருக்குச் செல்லும் பாதையையும் நான் விட்டுவிடவில்லை. ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தூரம். 2012இல் திறக்கப்பட்ட அதிவேகப் பாதையில் இரண்டரை முதல் மூன்று மணி நேரத்தில் கடந்துவிடலாம். லா ரொமானா, சான் பெத்ரோ டி மக்கோரிஸ் பகுதிகளில் கரும்புத் தோட்டங்கள் தென்படும். கொலம்பஸின் இரண்டாம் பயணத்தில் இத்தீவுக்கு வந்து சேர்ந்த பயிர் கரும்பு. அதற்காகவே ஆபிரிக்கர் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டனர். 1521இன் நத்தார் காலத்தில் டியேகோ கொலம்பஸின் ஆலையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். அடிமைமுறை ஒழிந்த பின்னர், இருபதாம் நூற்றாண்டில், கரும்பு வெட்ட அயல்நாடான ஹெயிட்டியிலிருந்து தொழிலாளர் தருவிக்கப்பட்டனர். தோட்டங்களுக்குள்ளே 'பத்தேய்' எனப்படும் குடியிருப்புகளில் அவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். நமது மலையகத்து லயன்களைக் கண்டவர்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை.

ஒற்றுமை குடியிருப்போடு நின்றுவிடவில்லை. 2013 செப்டெம்பரில் டொமினிக்கன் அரசியலமைப்பு நீதிமன்றம் ஒரு தீர்ப்பை வழங்கியது. ஆவணமற்ற வெளிநாட்டவரின் பிள்ளைகள், அந்த மண்ணிலேயே பிறந்திருந்தாலும், குடியுரிமை அற்றவர்கள் என்றது. பெற்றோர் நாட்டைக் கடந்து செல்லும் 'இடைவழிப் பயணிகள்' என்பது வாதம். வாழ்நாள் முழுவதும் கரும்பு வெட்டியவர்கள் இடைவழிப் பயணிகளாம்! தீர்ப்பு 1929வரை பின்னோக்கிப் பாய்ந்தது. சர்வதேசக் கண்டனத்தின் பின் 2014இல் வந்த சட்டம் ஒரு பகுதியினருக்கு மட்டுமே பரிகாரம் தந்தது. 2024 ஒக்டோபரில் வாரத்துக்குப் பத்தாயிரம் பேர்வரை நாடுகடத்தப்போவதாக அந்நாட்டு அரசு அறிவித்தது.

1948இன் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த பல இலட்சம் தமிழரை ஒரே எழுத்தில் நாடற்றவர்களாக்கியதை நான் இங்கே மீண்டும் விவரிக்க வேண்டுமா? அந்த அநீதியின் இறுதி எச்சத்தைத் துடைக்க 2003வரை காத்திருக்க நேர்ந்தது. உலகில் இந்தத் தீர்ப்பின் வலியை உடனே உணரக்கூடிய மக்கள் எவரேனும் உண்டெனில் அவர்கள் நாம்தான். அந்த நாம்தான், ஹெயிட்டித் தொழிலாளர் பலர் செங்கல் சுமந்து கட்டிய விடுதிகளில் இளநீர் குடித்துவிட்டு, ஒன்றும் அறியாமல் விமானம் ஏறுகிறோம்.

போர் முடிந்த 2009இன் பின்னர் பாசிக்குடாவில் உல்லாச விடுதிகள் எழுந்தபோது நாம் என்ன எழுதினோம்? வெள்ளைக்காரர் வந்து வெயில் காய்கிறார்கள், அந்த மண்ணில் நடந்ததை ஒருவரும் கேட்பதில்லை என்று மனம் நொந்து எழுதினோம். எழுதியது சரியே. ஆனால் நமது கரையில் வெயில் காய்வோருக்கு ஒரு நீதி, பிறர் கரையில் வெயில் காயும் நமக்கு இன்னொரு நீதி என்று வைத்துக்கொள்ள முடியாது.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளை நான் அறிவேன். 'ஓய்வுக்குத்தான் போகிறோம், பாடம் படிக்க அல்ல' என்பார்கள். நான்கு இரவு ஓய்வை நான் பறிக்கவில்லையே. ஐந்தாம் நாள் விடுதியில் புதிதாக எதுவும் நடப்பதில்லை என்பது போய்வந்தவர்களுக்குத் தெரியும். 'பிள்ளைகள் அலுத்துப்போவார்கள்' என்பார்கள். ஒசாமாக் கோட்டையின் கோபுரத்தில் ஏறி ஆற்றைப் பார்க்கவும், கொலம்பஸின் மகன் வாழ்ந்த மாளிகைக்குள் நடக்கவும் அலுக்கும் பிள்ளைகளை நான் கண்டதில்லை. 'பாதுகாப்பு இல்லை' என்பார்கள். எந்தத் தலைநகரிலும் கைக்கொள்ளும் கவனம் அங்கும் வேண்டும், அவ்வளவுதான். 'ஒருநாள் சுற்றுலாவில் போய்வருகிறோமே' என்பதுதான் இவற்றுள் மோசமானது. அதிகாலையில் பஸ் ஏறி, ஐந்தாறு மணி நேரத்தைப் பாதையிலேயே தொலைத்து, உச்சி வெயிலில் பேராலயத்தின் முன் படமெடுத்து, வழிகாட்டி கூட்டிச்செல்லும் கடையில் கைப்பொருள் வாங்கித் திரும்புவது நகரைக் கண்டதாகாது. காலையிலும் மாலையிலுமே அந்த நகரம் நகரமாக இருக்கிறது. அப்போது ஒருநாள் சுற்றுலாக்காரர் பஸ்ஸில் இருப்பார்.

முடிந்தால் முதலில் நகருக்குச் செல்லுங்கள். புன்டா கானாவில் இறங்குபவர்கள் அன்றோ மறுநாளோ பஸ்ஸில் தலைநகருக்குப் போகலாம். சாதாரண மக்கள் பயணிக்கும் பஸ் சேவை உண்டு. பழைய நகருக்குள்ளேயே தங்குங்கள், அது கால்நடையாகச் சுற்றக்கூடிய சிறிய இடம். ஒரு நாள் பழைய நகருக்கு. ஒரு நாள் மொன்டெசினோஸின் சிலைக்கும், ட்ருஹியோ காலக் கொடுமைகளை ஆவணப்படுத்தும் எதிர்ப்பு நினைவு அருங்காட்சியகத்துக்கும். மீதி நேரத்தில் ஒரு சதுக்கத்தில் அமர்ந்து கோப்பி குடியுங்கள், மக்களைப் பாருங்கள். நீங்கள் கொடுக்கும் பெசோ அந்தக் கோப்பிக் கடைக்காரரின் கையில் நேரடியாகச் சேரும். அதன் பின் கடற்கரைக்குத் திரும்புங்கள். களைப்பு இறுதி நான்கு நாளில் ஆறிவிடும்.

அப்போது உங்கள் அறையைத் துப்புரவு செய்ய வரும் பெண், தோட்டத்தில் நீர் பாய்ச்சும் மனிதர் ஆகியோரை நீங்கள் வேறு கண்ணோடு பார்ப்பீர்கள். அவர்களின் ஊர் எது, கையில் அடையாள அட்டை உண்டா என்று கேட்க மாட்டீர்கள். அவ்வாறு கேட்கப்படுவதன் அச்சம் என்னவென்று நமது சந்திகளில் நின்ற நமக்குத் தெரியும். பெயரைக் கேட்டு, வணக்கம் சொல்வீர்கள். திரும்பி வந்த பின் அயலவர் அந்த நாட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டால், சொல்வதற்கு உங்களிடம் கடலுக்கு மேலும் சில இருக்கும்.