ஒன்றரை மணி நேரம் என்பது பொய்க் கணக்கு

"அப்பா, தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு ஒன்றரை மணி நேரம்தான். எதுக்கு ரயில்ல கஷ்டப்படுறீங்க?" என்று மகன் அடிக்கடி கேட்பான். பாளையங்கோட்டையில் பென்ஷன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எனக்குக் கணக்குப் போட நேரம் இருக்கிறது. போட்டுப் பார்த்தேன்.

வாகைக்குளத்திலிருந்து மீனம்பாக்கம் நேர்கோட்டில் சுமார் 525 கிலோமீட்டர். இரண்டு விசிறி வைத்த ஏடிஆர் விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் போகும். அப்படியானால் ஒரு மணி நேரம்தானே? ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்க வரிசையில் காத்திருப்பது எல்லாம் சேர்ந்துதான் அந்த ஒன்றரை மணி.

இனி மீதிக் கணக்கு. வீட்டிலிருந்து வாகைக்குளம் முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல், முக்கால் மணி. ஒன்றரை மணி முன்னதாகப் போய்க் காத்திருக்க வேண்டும். சென்னையில் பெட்டி வர அரை மணி. மீனம்பாக்கத்திலிருந்து அம்பத்தூர் போக ஒன்றரை மணி. ஆக, வாசலிலிருந்து வாசலுக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம்.

2023 செப்டம்பரில் வந்த வந்தே பாரத் ரயிலுக்குச் சுமார் எட்டு மணி நேரம். வீட்டிலிருந்து ஜங்ஷன், எழும்பூரிலிருந்து அம்பத்தூர் எல்லாம் சேர்த்தால் பத்து. மிச்சமாவது நாலு மணி நேரம்தான். ரயிலில் எழுந்து நடக்கலாம், கழிப்பறைக்குப் போகலாம். நம் வயதில் இதெல்லாம் சின்ன விஷயமா?

ஆனால் அந்த நாலு மணி நேரத்தின் விலையும் எனக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு நாள் பதினோரு மணிக்கு போன் வந்தது. அம்பத்தூரில் அக்காவுக்கு ரொம்ப முடியவில்லை. காலை ரயில் போய்விட்டது. ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் மறுநாள் காலைதான். மகன் அங்கிருந்தே டிக்கெட் போட்டான். சாயங்காலம் ஆறு மணிக்கு அக்கா கட்டில் பக்கத்தில் இருந்தேன். "ஏலே, எப்பம் வந்த?" என்றாள். விடியும் முன் போய்விட்டாள்.

அதனால் விமானமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ரயில் போதும். காத்திருக்க முடியாத காரியத்துக்கு விமானம். அதற்காகக் கொஞ்சம் பணத்தைத் தனியே ஒதுக்கி வைத்திருக்கிறேன். நீங்களும் வையுங்கள். மாத்திரைகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

2025 ஜூலையில் வாகைக்குளத்தில் புது முனையம் திறந்தார்கள். 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதையும் மூவாயிரம் மீட்டருக்கு மேல் நீண்டுவிட்டது. பெரிய ஜெட் விமானங்கள் இறங்கலாம். சந்தோஷம். ஆனால் ஜெட் வந்தாலும் வானத்தில் மிச்சமாவது கால் மணியோ இருபது நிமிடமோதான். மீதி நேரமெல்லாம் தரையில் போகிறது. ஒவ்வொரு விமானத்துக்கும் நேரம் பார்த்து, நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் தாழ்தளப் பேருந்து ஓடினால் முதியவர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

ஓடுபாதையை நீட்டியாயிற்று. இனி வீட்டு வாசலுக்கும் விமானத்துக்கும் உள்ள தூரத்தைக் குறைக்கட்டும்.