கண்ணாக இருக்கலாம், கையாக இருக்கலாமா? காவல்துறைக்குத் துணைநிற்கும் தன்னார்வலர்களும் எல்லைக் கிராமங்களும்

திருவனந்தபுரம்: கேரளத்தின் தென்கோடியில், நெய்யாறு அணையை ஒட்டிய கள்ளிக்காட்டில் தொடங்கி நெய்யாற்றின்கரை, பாறசாலை வரையிலான கிராமங்களுக்கு மாநில எல்லை என்பது அன்றாட வாழ்வில் ஒரு மெல்லிய கோடு மட்டுமே. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமையும் வரை, இன்று குமரி மாவட்டத்தில் உள்ள விளவங்கோடு வட்டமும் நெய்யாற்றின்கரை வட்டமும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. உறவும் வணிகமும் இன்றும் அந்தக் கோட்டைக் கடந்தே நடக்கின்றன.

குற்றமும் அதே வழியில் கடக்கிறது. தமிழகத்தின் ரேஷன் அரிசியும் கனிமங்களும் மேற்கு நோக்கிக் கடத்தப்படுவதும், கேரளத்தின் கழிவுகள் கிழக்கே கொண்டுவந்து கொட்டப்படுவதும் பல ஆண்டுகளாகத் தொடரும் புகார்கள். தேசிய நெடுஞ்சாலையில் சோதனைச் சாவடி உண்டு. ஆனால் ரப்பர் தோட்டங்களுக்கு இடையே செல்லும் எல்லாக் கிளைச் சாலைகளிலும் காவலரை நிறுத்த முடியாது. எந்தச் சாலையில் நள்ளிரவில் அறிமுகமில்லாத லாரி வருகிறது என்பது அங்கு வாழ்பவர்களுக்கே முதலில் தெரியும். கழிவு ஏற்றிவந்த வாகனங்களைப் பொதுமக்களே மடக்கிக் காவல்துறையிடம் ஒப்படைத்த நிகழ்வுகள் குமரி மாவட்டத்தில் பலமுறை நடந்துள்ளன.

எனவே பொதுமக்களின் உதவி தேவையா என்ற கேள்விக்கே இங்கு இடமில்லை. அந்த உதவி எங்கே நிற்க வேண்டும் என்பதே கேள்வி. எல்லையின் இருபுறமும் உள்ள இரு மாநிலங்கள் இதற்கு இருவேறு அனுபவங்களைத் தருகின்றன.

இரு மாநிலங்கள், இரு பாதைகள்

தமிழகமே இதில் முந்தியது. ராமநாதபுரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி.பிலிப் 1993-இல் தொடங்கிய 'ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' எனும் காவல் நண்பர்கள் அமைப்பு பின்னர் மாநிலம் முழுவதும் பரவியது. காவலருக்கும் மக்களுக்கும் இடையிலான அச்சத்தைப் போக்குவதே அதன் நோக்கம். காலப்போக்கில் தன்னார்வலர்கள் ரோந்துக்கும் வாகனச் சோதனைக்கும் துணையாகச் சென்றனர்.

2020 ஜூனில் சாத்தான்குளம் காவல்நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட வணிகர்களான தந்தையும் மகனும் அடுத்தடுத்து உயிரிழந்தபோது, தன்னார்வலர்களுக்கும் அத்தாக்குதலில் பங்குண்டு என்ற புகார் எழுந்தது. அமைப்பின் தரப்பு அதை மறுத்தது. அவ்வாண்டு ஜூலையில் தமிழக அரசு அமைப்புக்குத் தடை விதித்தது. பின்னர் சிபிஐ தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் இடம்பெற்றவர்கள் 9 காவலர்களே. ஆயினும், காவல்நிலையத்துக்குள் யார் எந்தப் பொறுப்பில் இருந்தார்கள் என்ற ஐயம் எழுந்ததே 27 ஆண்டுகால முயற்சியை முடக்கப் போதுமானதாக இருந்தது.

கேரளம் வேறு வழியைத் தேர்ந்தது. நீதிபதி கே.டி.தாமஸ் தலைமையிலான ஆணையத்தின் பரிந்துரையை அடுத்து, 2008 மார்ச்சில் 20 காவல்நிலையங்களில் 'ஜனமைத்ரி' திட்டம் தொடங்கியது. இதில் வீடுதோறும் சென்று மக்களை அறிந்துகொள்பவர் சீருடை அணிந்த பீட் அலுவலர். பொதுமக்கள் காவல்நிலைய அளவிலான பாதுகாப்புக் குழுவில் அமர்ந்து குறைகளைச் சொல்கின்றனர், தகவல் தருகின்றனர். 2011-ஆம் ஆண்டின் கேரள காவல் சட்டமும் மக்கள் தொடர்புக் குழுக்களுக்கு இடமளித்தது.

ஆனால் அமைப்பு ஒழுங்காக இருப்பது மட்டும் போதாது என்பதற்கும் கேரளமே சான்று. 2018 பிப்ரவரியில் அட்டப்பாடியில் பழங்குடி இளைஞர் மதுவைத் திருட்டுக் குற்றம் சாட்டிப் பிடித்த கும்பல் கட்டிவைத்துத் தாக்கியது, அவர் உயிரிழந்தார். 2023-இல் 13 பேருக்கு 7 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 'நாங்களே பிடித்தோம்' என்ற பெருமிதம் எவ்வளவு விரைவில் கொலையாக மாறும் என்பதை அச்சம்பவம் காட்டியது.

சட்டம் என்ன சொல்கிறது?

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 31-ஆவது பிரிவு, தப்பிச் செல்பவரைப் பிடிக்கவோ, அமைதிக் குலைவைத் தடுக்கவோ காவல் அலுவலர் நியாயமாகக் கோரும்போது உதவ வேண்டிய கடமையைப் பொதுமக்கள் மீது வைக்கிறது. 40-ஆவது பிரிவின்படி, தன் கண்முன் பிணையில் விட இயலாத, பிடிவாரண்டின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் புரிபவரைத் தனிநபரும் பிடிக்கலாம். ஆனால் தாமதமின்றி, அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள், காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். விசாரிக்கவோ தண்டிக்கவோ அவருக்கு உரிமை இல்லை.

சத்தீஸ்கரில் மாவோயிஸ்டுகளுக்கு எதிராகப் பழங்குடி இளைஞர்களைச் சிறப்புக் காவல் அலுவலர்களாக்கி ஆயுதம் அளித்ததை 2011 ஜூலை 5-இல் உச்சநீதிமன்றம் அரசமைப்புக்கு முரணானது என அறிவித்தது. மாதம் ரூ.3,000 மதிப்பூதியத்துக்கு, போதிய பயிற்சியின்றி அவர்களை உயிராபத்தில் நிறுத்தியது சமத்துவத்தையும் உயிர்வாழும் உரிமையையும் மீறுவதாகும் என்பது அத்தீர்ப்பின் சாரம். தன்னார்வலரால் பிறருக்கு நேரும் தீங்கைப் போலவே, தன்னார்வலருக்கே நேரும் தீங்கும் அரசின் பொறுப்பு.

எல்லைக் கிராமங்களுக்கு இது தொலைதூரச் செய்தியன்று. 2020 ஜனவரி 8-இல் களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். சீருடையும் பயிற்சியும் பெற்றவருக்கே பாதுகாப்பற்ற இடத்தில், ஒளிரும் மேலுடை மட்டும் அணிந்த இளைஞரை நிறுத்துவது உதவியைப் பெறுவதாகாது, ஆபத்தை மாற்றிவிடுவதாகும்.

தேவை ஒரு தெளிவான கோடு

தவறிழைக்கும் காவலரைப் பணியிடை நீக்கம் செய்யலாம். அவர் மீது துறை விசாரணை நடத்தலாம். தன்னார்வலர் மீது துறை எடுக்கக்கூடிய நடவடிக்கை அவர் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்குவதோடு முடிகிறது. பொறுப்புக்கூறல் இவ்வளவு குறைவாக உள்ளவரிடம் பலப்பிரயோக அதிகாரத்தை ஒப்படைப்பது முறையன்று.

ஆகவே, தகவல் தருவது, திருவிழாக் கூட்டத்தையும் போக்குவரத்தையும் ஒழுங்குபடுத்துவது, வெள்ளக் காலத்தில் மீட்புக்கு உதவுவது ஆகியவை தன்னார்வலரின் பணிகள். உடல் சோதனை, வாகனச் சோதனை, கைது, விசாரணை ஆகியவை காவலருக்கு மட்டுமே உரியவை. இதை எழுத்தில் வைத்து, தன்னார்வலர்களின் பெயர்ப் பட்டியலைக் காவல்நிலையத்தில் அனைவரும் காணும்படி ஒட்ட வேண்டும். தகவல் தருவோரின் பெயரோ மறைக்கப்பட வேண்டும். பணியில் காயமடைந்தால் இழப்பீடு உறுதி செய்யப்பட வேண்டும்.

பாறசாலையும் களியக்காவிளையும் ஒரே கடத்தல் வழியின் இரு முனைகள். இங்கே தகவல் சொல்பவரின் குரல் அங்கே கேட்க, இரு மாநிலக் காவல்நிலையங்களும் குறிப்பிட்ட இடைவெளியில் கூடிப் பேசுவது பயன்தரும். கள்ளிக்காட்டில் ஒருவர் இரவில் கண்ட லாரியின் எண்ணை அச்சமின்றிச் சொல்ல முடிந்தால், அதை வாங்கிக்கொண்டு சாலைக்குச் செல்பவர் காவலராகவே இருந்தால், மக்கள் உதவி தன் பணியைச் செய்துவிட்டது என்று கொள்ளலாம்.